பொருளறிந்து சொல் பயில்வோம்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் இரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை முதலிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகின்றது. ஒருபுறம் வயலும் ஏரியும், மறுபுறம் பழவேற்காட்டு உப்பங்கழியும் சூழ்ந்த இவ்வட்டாரம் இன்று தமிழகத்தின் தொழில் வட்டாரங்களுள் குறிப்பிடத்தக்கது. 1971இல் தோற்றுவிக்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இங்குத் தொழில் வளாகம் அமைத்ததும், இரும்பு உருட்டாலைகளும் பிற ஆலைகளும் பெருகியதும் யாவரும் அறிந்தவை. 1997 சனவரித் திங்கள் முதல் நாள், அந்நாளைய செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது, கும்மிடிப்பூண்டி அதன் வடகோடி வட்டமாயிற்று.

இவ்வட்டாரத்து இளைஞர் பள்ளிப் படிப்பையோ, தொழிற்பயிற்சியையோ, பட்டப் படிப்பையோ முடித்தவுடன் நாடிச் செல்வது இவ்வாலைகளின் வாயில்களையே. அவ்வாயிலில் அவர்களை எதிர்கொள்ளும் முதல் வினா ‘ஆங்கிலம் தெரியுமா?’ என்பது. ‘ஓரளவு தெரியும்’ என்பதே அவர்களுட் பலரின் விடை. அந்த ‘ஓரளவு’ என்பதன் அளவு யாது, அது போதுமா, போதாதெனின் அதனை நிரப்பும் வழி யாது என்பன குறித்துத் தமிழ்த்துறையினராகிய நாம் சில கருத்துகளை இம்மலர் வாயிலாக முன்வைக்க விழைகின்றோம். ஆங்கிலச் சொற்பயிற்சி பற்றித் தமிழ் மலரில் எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் காணும் இடம் தமிழ் மாணவனின் தமிழ் நெஞ்சமே ஆதலின், இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பது நம் துணிபு.

எவை இடைநிலைச் சொற்கள்?

ஒரு மொழியின் சொற்களை அடிநிலை, இடைநிலை, உயர்நிலை என மூவகைப்படுத்திக் காணலாம். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலும் கற்போரை ஆறு படிகளில் நிறுத்தி, அவற்றுள் நடுவிலுள்ள இரண்டையும் இடைநிலை எனக் கொள்கின்றது. வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், ஆங்கிலம் கற்போர்க்கு இன்றியமையாத ஏறத்தாழ 2000 சொற்களை வகுத்து 1953இல் ஒரு பட்டியலாக வெளியிட்டார். வீடு, நீர், வா, போ, கொடு போன்ற அன்றாடச் சொற்கள் இவற்றுள் அடங்கும். நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், வெஸ்டின் பட்டியலுக்கு அப்பால், கல்வி நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்ற 570 சொற்குடும்பங்களைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வித்துறை எழுத்தில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துச் சொற்கள் இக்குடும்பங்களைச் சேர்ந்தவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்விடைநிலைச் சொற்களின் இயல்பு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அடிநிலைச் சொல்லுக்குக் கண்முன் பொருள் உண்டு. ‘டேபிள்’ என்றால் மேசையைக் காட்டிவிடலாம். தொழிற்சாலைக் கருவிப் பெயர்களுக்கும் இவ்வாறே. ‘பேரிங்’, ‘வெல்டிங்’, ‘கிரேன்’, ‘வால்வு’ என்பன பயன்பாட்டால் தமிழர் நாவில் தமிழாகவே ஆகிவிட்டன. பத்தாம் வகுப்பைத் தாண்டாத தொழிலாளியும் அவற்றைப் பிழையின்றி ஆள்கின்றான். ஏனெனில் அச்சொற்களை அவன் கையால் கற்றான். இடர் விளைப்பவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சொற்களே. ‘என்ஷூர்’, ‘கம்ப்ளை’, ‘லயபிள்’, ‘அடிக்வேட்’, ‘பிரையர்’, ‘கன்சென்ட்’, ‘டெர்மினேட்’ ஆகியவற்றைக் கண்ணால் காட்டவும் இயலாது. கையால் தொடவும் இயலாது. இவை பொருள்களின் பெயர்கள் அல்ல. கடமை, உரிமை, நிபந்தனை, அளவு, காலம் ஆகியவற்றைக் குறிப்பவை. பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு வேண்டுமெனின் தாய்மொழியில் உள்ள கருத்தே கொழுகொம்பாதல் வேண்டும். அக்கருத்து தமிழில் தெளிவாக இல்லாத நெஞ்சில் ஆங்கிலச் சொல் வேரூன்றுவதில்லை.

பட்டியலால் வரும் கேடு

இச்சொற்களை நம் மாணவர் இன்று எவ்வாறு கற்கின்றனர்? நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் என ஏட்டில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு வினாத்தாளும் ஒத்த பொருட்சொல், எதிர்ச்சொல் என ஒரு மதிப்பெண் வினாக்களையே அவர்கள் முன் வைக்கின்றது. வினாவுக்கு விடை கிடைத்துவிடுகின்றது, சொல் கிடைப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் முதுமொழி இங்கு முற்றும் பொருந்துகின்றது.

சான்றாக ஒரு சொல்லைக் காண்போம். ‘லயபிள்’ என்னும் சொல்லுக்கு எதிரே ‘பொறுப்பான’ என்று எழுதிக்கொள்கிறான் மாணவன். அகராதியிலும் அப்பொருள் உண்டு. ஆதலின் அவன் மீது குற்றமில்லை. ஆலையின் அறிவிப்புப் பலகையிலோ, ‘விதியை மீறுவோர் ஒழுங்கு நடவடிக்கைக்கு லயபிள்’ என்று எழுதியிருக்கின்றது. தமிழில் ‘பொறுப்பான பிள்ளை’ என்பது பாராட்டுரை. மனப்பாடம் செய்த பொருளை அப்படியே இட்டு நோக்கினால், எச்சரிக்கை பாராட்டாகிவிடுகின்றது. அல்லது தொடரே பொருளற்றதாகிவிடுகின்றது. ‘ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவர்’ என்பதே அவ்விடத்துப் பொருள். ‘ஆளாதல்’ என்னும் அழகிய தமிழ் வினை அவனுக்குத் தெரியாததன்று. அதனை இச்சொல்லோடு இணைத்துக் காட்டுவார்தாம் இல்லை.

‘ஃபைன்’ என்னும் சொல்லை நலம் எனக் கற்றவன், பலகையில் காணும் ‘ஃபைன்’ தண்டத்தொகை எனத் தெளிய வேண்டும். ‘சப்ஜெக்ட்’ என்பதைப் பாடம் எனக் கற்றவன், பணி ஆணையில் அதே சொல் ‘இந்நிபந்தனைக்கு உட்பட்டு’ எனப் பொருள்படுவதை அறிய வேண்டும். ‘டெர்ம்’ என்பதைக் கல்விப் பருவம் என எண்ணுபவன், ஒப்பந்தத்தில் அது நிபந்தனை என உணர வேண்டும். ‘வெய்வ்’ என்று காதால் கேட்டவன் அலை எனக் கருதுவான்; எழுத்து வேறுபட்ட மற்றொரு ‘வெய்வ்’ உரிமையை விட்டுக்கொடுத்தலைக் குறிக்கும். ஒலி ஒன்று, எழுத்து வேறு, விளைவோ மிகமிக வேறு.

உயிரோடும் ஊதியத்தோடும் தொடர்புடையது

இஃது ஏதோ இலக்கண நுட்பம் பற்றிய வழக்கன்று. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் எரிபொருள் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறம் ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் சொல் எழுதப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆங்கிலச் சொல்லின் முன்னே ‘இன்’ சேர்ந்தால் எதிர்மறைப் பொருள் தரும் என்று பள்ளியில் கற்பிக்கின்றோம். ‘கம்ப்ளீட்’ முழுமை, ‘இன்கம்ப்ளீட்’ முழுமையற்றது. அவ்விதியை நன்கு கற்ற மாணவன் ‘இன்ஃபிளேமபிள்’ என்பதை எரியாத பொருள் எனக் கொள்வானாயின் அது அவனது அறியாமையன்று. கற்ற விதியின் விளைவு. உண்மையில் இங்குள்ள ‘இன்’ எதிர்மறை அன்று. இலத்தீன் வினையடியிலிருந்து வந்த இச்சொல் எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள்படும். இக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டே பிற்காலத்தில் ‘ஃபிளேமபிள்’ என்னும் வடிவம் எச்சரிக்கைப் பலகைகளில் விரும்பி ஆளப்பெற்றது. இரண்டும் ஒரே பொருளன என்பதை ஒரு பட்டியலும் உரக்கச் சொல்வதில்லை.

சொல் எவ்வாறு தீயை மூட்டும் என்பதற்கு அமெரிக்க மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப் தந்த சான்று உலகறிந்தது. 1897 முதல் 1941 வரை வாழ்ந்த அவர், தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்புப் பொறியாளராகப் பணியாற்றினார். எரிநெய் நிறைந்த பீப்பாய்களின் அருகே கவனமாக நடந்துகொண்ட தொழிலாளர், ‘காலிப் பீப்பாய்கள்’ இருக்குமிடத்தில் அச்சமின்றிப் புகைபிடித்ததை அவர் குறித்துள்ளார். காலிப் பீப்பாயில் நெய் இல்லை. ஆனால் வெடிக்கும் ஆவி உண்டு. நிறைந்த பீப்பாயினும் அதுவே கொடியது. ‘காலி’ என்ற சொல் ‘ஒன்றுமில்லை’ எனச் சொல்லி, ‘தீங்கில்லை’ என நம்பவைத்துவிட்டது. பீப்பாய்களும் உருளைகளும் அடுக்கிக் கிடக்கும் தொழிற்பேட்டைகளுக்கு இப்பாடம் எத்துணை இன்றியமையாதது! ‘எம்ப்டி’ என்பதற்குக் ‘காலி’ எனப் பொருள் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், அச்சொல்லின் பாதிப் பொருளையே கற்றவனாவான்.

‘ஹஸார்ட்’, ‘ரிஸ்க்’ என்னும் இரண்டையும் ‘ஆபத்து’ என்றே எழுதிவிடுகின்றோம். பாதுகாப்புத் துறையில் அவை வேறுவேறு. தரையில் சிந்திய எண்ணெய் ஹஸார்ட். அதாவது கேடு விளைக்கக்கூடிய பொருள். அதில் வழுக்கி விழ எவ்வளவு வாய்ப்புண்டு, விழுந்தால் காயம் எத்துணைக் கடியது என்பதே ரிஸ்க். எண்ணெயைத் துடைத்தால் முன்னது நீங்கும். அவ்விடத்தைக் கயிறு கட்டி மறித்தால் பின்னது குறையும். சொல்வேறுபாடு தெரியாதவனுக்குச் செயல்வேறுபாடும் தெரிவதில்லை. ‘லைவ் ஒயர்’ என்பதில் உயிரில்லை, மின்னோட்டம் உண்டு. ‘மெஷின் கார்டு’ என்பது காவலாளி அன்று, கையைக் காக்கும் தடுப்பு. இவையெல்லாம் முதலாண்டு மாணவன் பொருள் அறிந்ததாகக் கருதும் எளிய சொற்களே.

உயிருக்கு அடுத்தது ஊதியம். பணி ஆணையில் ‘புரொபேஷன்’ என்றிருந்தால் அது தகுதிகாண் பருவம். அக்காலத்தில் பணி நிலைபெறவில்லை. ‘கன்சாலிடேட்டட்’ என்றிருந்தால் படிகள் தனியே இல்லை, எல்லாம் அத்தொகையுள் அடக்கம். ‘ஃபார்ஃபிட்’ என்றிருந்தால் கட்டிய தொகையோ உரிமையோ கைவிட்டுப் போகும். ‘பாண்ட்’ என்றிருந்தால் குறித்த காலத்திற்கு முன் விலகினால் பணம் கேட்கப்படலாம். ‘அப்ரண்டீஸ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘தொழில் பழகுநர்’ எனப் பட்டியல் கூறும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமோ, அவர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்று தெளிவாக வரையறுக்கின்றது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய காப்புகள் அவருக்கு உண்டு. ஆயினும் தொழிலாளர்க்குரிய பிற சட்டங்கள் பொதுவாக அவரைச் சாரா. ஒரே கூடத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் ‘ஒர்க்கர்’, மற்றவர் ‘அப்ரண்டீஸ்’ எனின், சொல் ஒன்றால் அவர்தம் உரிமைகள் வேறுபடுகின்றன. கையெழுத்திடும் முன் இதனை அறிந்திருத்தல் வேண்டாவா?

சட்டம் இயற்றியோர் இத்தேவையை உணராதவர் அல்லர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 108ஆம் பிரிவில், ஆலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் அவ்வாறே கூறிற்று. அவற்றின் இடத்தில் 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன. பணியில் அமர்த்தப்படும் ஒவ்வொருவருக்கும் பணிநியமனக் கடிதம் தரவேண்டும் என்று அவற்றுள் ஒன்று விதிக்கின்றது. நன்று, கடிதம் கைக்கு வரும். அதனைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன் கைக்கு வரச் செய்வது சட்டத்தின் பணியன்று, கல்விக்கூடத்தின் பணி.

வேலை வேண்டி நிற்பவன் பொருள் தெரிந்தாலும் கையெழுத்திடத்தானே வேண்டும் என்பார் உளர். உண்மையே. ஆயினும் அறிந்து இடும் கையெழுத்து வேறு, அறியாது இடும் கையெழுத்து வேறு. அறிந்தவன் ஒரு வினாவேனும் கேட்பான். ஒரு படியேனும் தன்னிடம் வைத்துக்கொள்வான். பின்னாளில் ஏமாந்தோம் என வருந்தமாட்டான்.

நிகண்டும் உரையும் காட்டும் நெறி

அங்ஙனமாயின் இச்சொற்களைக் கற்பிக்கும் முறை யாது? இதற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. அரிய சொற்களுக்கு எளிய சொற்களால் பொருள் உரைக்கும் கலை தமிழில் தொன்மையானது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் உரியியல் என ஓர் இயலே வகுத்தார். வழக்கில் பயின்ற சொல்லைக்கொண்டு பயிலாத சொல்லை விளக்குதல், ஒரு சொல் பல பொருளுக்கும் பல சொல் ஒரு பொருளுக்கும் உரியவாதல், சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தொடு சார்த்தி அறிதல் என அவ்வியல் காட்டும் நெறிகள் இன்றைய மொழிக்கல்வி நூலோர் கூறுவனவற்றிற்குச் சிறிதும் குறைந்தவை அல்ல.

பின்வந்த நிகண்டுகளும் நோக்கத்தக்கன. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என வாழ்வின் துறைவாரியாக அது சொற்களை அடுக்கியது. பதினோராம் தொகுதி ஒரு சொல் பல்பொருளுக்கு உரியது. ‘ஃபைன்’, ‘சப்ஜெக்ட்’ போன்ற சொற்கள் தமிழில் பிறந்திருந்தால் அங்கே இடம்பெற்றிருக்கும். அகரவரிசைப்படி சொற்களை அடுக்கும் முறை 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியால் தமிழில் சிறந்தது. தேடுவதற்கு அகரவரிசை ஏற்றது. கற்பதற்கோ துறைவரிசையே ஏற்றது. நம் மாணவர் கையிலுள்ள பட்டியலோ தேடுவதற்கென அமைந்த வரிசையைக் கற்பதற்கென எடுத்துக்கொண்டதன் விளைவு.

உரையாசிரியர் நெறி இன்னும் நுட்பமானது. அவர்கள் பதவுரையோடு நின்றாரில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் கூறியபின், பொழிப்புரையால் தொடரின் கருத்தைத் திரட்டினர். விளக்கவுரையால் ஐயம் அகற்றினர். வேறு பொருள் கொள்வார் உளராயின் அது பொருந்தாமையையும் காட்டினர். சேனாவரையரையும் பரிமேலழகரையும் வகுப்பில் கற்பிக்கின்ற நாம், அம்முறையை ஓர் ஆலை அறிவிப்பின் மீது செலுத்திக் காட்டினால் என்ன? பட்டியல் முறை பதவுரையோடு நின்றுவிடுகின்றது. ‘லயபிள் – பொறுப்பான’ என்பது பதவுரை. ‘மீறினால் நடவடிக்கைக்கு ஆளாவாய்’ என்பது பொழிப்புரை. யார் மீறினால், எதனை மீறினால், யார் நடவடிக்கை எடுப்பர் என ஆராய்வது விளக்கவுரை. இம்மூன்றும் கூடியவிடத்தே சொல் தன் பொருளை முழுதும் தருகின்றது.

வேற்றுமொழிச் சொல்லைத் தமிழர் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. வசூல், ரசீது, ஜாமீன், வக்கீல், மகசூல், தாலுகா என்பன அரபு, பாரசீக மொழிகளிலிருந்து ஆட்சித்துறை வழியே வந்தவை. மேலே நாம் கூறிய ‘காலி’ என்பதும் அரபுச் சொல்லே. எழுத்தறியாத உழவரும் இவற்றைப் பிழையின்றி ஆண்டனர். வரி கட்டியபோது வசூலையும், கட்டியதற்குச் சான்று பெற்றபோது ரசீதையும் கற்றனர். தேவை ஆசிரியனாயிற்று, நிகழ்ச்சி பாடநூலாயிற்று. ஆயினும், தேவை வந்தபின் கற்பது துன்பப்பட்டுக் கற்பதாகும். தீ விபத்து வந்தபின் ‘இன்ஃபிளேமபிள்’ கற்பதில் பயனில்லை. துன்பம் வருமுன்னரே அந்நிகழ்ச்சியை வகுப்பறைக்குக் கொணர்வதே கல்வி.

இரு தடைகள்

இதற்கு இருபுறத்தும் தடை எழுப்புவோர் உளர். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்க வேண்டும், தமிழ் இடையே புகுந்தால் கேடு என்பது முதல் தடை. இக்கொள்கைக்கும் மதிப்புண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, எளிய ஆங்கிலத்தால் ஆங்கிலச் சொற்களை விளக்கி, 1942இல் டோக்கியோவில் ஓர் அகராதியை வெளியிட்டார். 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதனை வெளியிட்டபின் அஃது உலகெங்கும் பரவிற்று. சொல் தொடரில் எவ்வாறு இயங்கும் என்பதைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அந்த எளிய ஆங்கிலமே எட்டாத மாணவனுக்கு அவ்வகராதி பூட்டிய கதவே. முன்னர்க் குறித்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுட் பலர் படிப்பை இடையிலே நிறுத்திவிடுவதைக் கண்டு, எந்தப் படியில் நின்றாலும் அதுவரை கற்றதற்கு ஒரு பயன் கையில் இருத்தல் வேண்டும் என்றார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் சரண்டர் மதிப்பை அவர் இதற்கு உவமையாக்கினார். நம் வட்டாரத்து மாணவர்க்கும் இது பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்போடு ஆலைக்குச் செல்பவனுக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்தின் சரண்டர் மதிப்பு, ஓர் அறிவிப்பையும் ஒரு பணி ஆணையையும் பொருளுணர்ந்து படிக்கும் ஆற்றலாகவேனும் இருத்தல் வேண்டும். அதற்குத் தமிழ் ஏணியாகுமேயன்றி வேலியாகாது.

ஆங்கிலச் சொல்லைக் கற்பிப்பது தமிழுக்கு இழுக்கு என்பது இரண்டாவது தடை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் துருவி ஆராயாமல் அப்பணி கைகூடியிருக்குமா? யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு திகழ்ந்து, மருத்துவம், அறிவியல், கணினி எனத் துறைதோறும் கலைச்சொல் அகராதிகள் தந்து, 2017இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்களும் அவ்வழியினரே. பிறமொழிச் சொல்லின் பொருளை ஆழ்ந்து கண்டவர்களே தமிழை வளர்த்தனர்.

இங்கு ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தமிழ்ச் சொல்லை ஈடாக வைத்த அளவில் விளக்கம் பிறந்துவிடாது. ‘தகுதிகாண் பருவம்’ என்பது ஆட்சித்தமிழ் தந்த நல்ல சொல். ஆனால் அதன் பொருள் யாது என நம் மாணவரைக் கேட்டால் பலர் விழிப்பர். ஒரு புரியாத சொல்லுக்கு மற்றொரு புரியாத சொல் பொருளாகாது. ஆகவே இப்பயிற்சியால் வளர்வது ஆங்கில அறிவு மட்டுமன்று. தமிழறிவும் உடன் வளரும். மேலும், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று தெலுங்கு பேசுவோரும், வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் தமிழரோடு தோளொடு தோள் நின்று உழைக்கின்றனர். தமிழ் அறிவிப்பும் அவர்க்கு எட்டாது. நாளை அங்கு மேற்பார்வையாளராக நிற்கப்போகும் நம் மாணவன், ‘இந்தப் பீப்பாயருகே தீ ஆகாது’ என்பதைச் சைகையாலும் எளிய சொல்லாலும் அவர்க்கு உணர்த்த வேண்டியவன். தான் பொருளை உணராதவன் பிறர்க்கு உணர்த்துவது எங்ஙனம்?

செய்யத்தக்கன

இனிச் செய்யத்தக்கன சில கூறி அமைவோம். ஒன்று, மாணவர் தாம் காணும் அறிவிப்பு, விண்ணப்பப் படிவம், பணி ஆணையின் மாதிரி ஆகியவற்றிலிருந்து சொற்களைத் தாமே திரட்டுதல் வேண்டும். அச்சிட்ட பட்டியலில் கிடைக்கும் நூறு சொற்களினும், இரயில் நிலையத்திலும் ஆலை மதிலிலும் கண்டெடுத்த இருபது சொற்கள் மேலானவை.

இரண்டு, ஏட்டில் இரண்டு பத்திகளுக்கு மாற்றாக ஐந்து பத்திகள் அமைத்தல் வேண்டும்: கண்ட சொல், கண்ட இடம், அது வந்த முழுத்தொடர், அதற்குத் தன் சொந்தத் தமிழில் எழுதிய பொழிப்பு, அச்சொல் வேறிடத்தில் பெறும் பொருள். நான்காம் பத்தியை அகராதியைப் பார்த்து எழுதலாகாது. வீட்டில் உள்ள பெற்றோர்க்குச் சொன்னால் விளங்கும்படி எழுதுதல் வேண்டும். நாளொன்றுக்குப் பத்துச் சொல் வேண்டா, இரண்டே போதும். ஆண்டொன்றுக்கு அவை எழுநூறாகும் என்பதை எண்ணிப் பார்க்க.

மூன்று, கல்லூரிகளில் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கிழமைக்கு ஒரு மணிநேரம் ஒரே வகுப்பில் அமர்ந்து இச்சொற்களை ஆராய்தல் வேண்டும். ஆங்கில ஆசிரியர் தொடரின் அமைப்பையும், தமிழாசிரியர் பொருளின் நுட்பத்தையும் காட்டலாம். ஆலையில் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் உடனிருந்தால் சொல்லின் பயன்பாட்டையும் அவர் காட்டுவார்.

நான்கு, இவ்வாறு திரண்ட சொற்களைத் துறைவாரியாகத் தொகுத்தல் வேண்டும். பாதுகாப்புத் தொகுதி, ஊதியத் தொகுதி, விடுப்புத் தொகுதி, ஒப்பந்தத் தொகுதி, ஒரு சொல் பல்பொருள் தொகுதி என வகுத்தால், நம் வட்டாரத்துக்கென ஒரு புதிய நிகண்டு உருவாகும். ஆண்டுதோறும் வரும் மாணவர் அதனை வளர்த்துச் செல்லலாம்.

சொல்லைக் கற்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளை விட்டு நீங்குதல் வேண்டும். தன்முன் நீட்டப்படும் தாளில் எழுதியிருப்பது யாது, தான் நிற்கும் இடத்தில் மாட்டியுள்ள பலகை கூறுவது யாது என்பதைப் பிறர் துணையின்றி அறிபவனே கற்றவன். அவ்வறிவை நம் மாணவர்க்கு அளிக்கும் கடமையில் தமிழ்த்துறை முன்னிற்றல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இவ்வாண்டே இரண்டு சொற்களோடு தொடங்குவோம்.